சுலோகத்தின் மறுபாதி

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

செவ்வாய் தோஷத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நாற்பது வருடமாக ஜாதகம் பார்க்கிறவன் நான். இந்தச் சாஸ்திரத்தின் மேல் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. அதனால்தான் இன்று கொஞ்சம் அழுத்தமாகவே பேசப் போகிறேன்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கிற ராசிதான் லக்னம். அதை ஒன்று என்று வைத்து எண்ணி 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். இது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஏன் இந்த ஐந்து இடங்கள்? ஏழாமிடம் களத்திரம், வாழ்க்கைத் துணையைக் குறிக்கிற இடம். எட்டு, பெண்ணுக்கு மாங்கல்ய ஸ்தானம். செவ்வாய் தான் இருக்கிற இடத்தை ஒன்று என்று எண்ணி 4, 7, 8 ஆகிய இடங்களைப் பார்ப்பார், ஆக அவருக்கு மூன்று பார்வை உண்டு. நான்கில் உட்கார்ந்தால் நாலாம் பார்வை நேராக ஏழில் விழும். பன்னிரண்டில் இருந்தால் எட்டாம் பார்வை அதே ஏழில் விழும். இரண்டில் இருந்தால் ஏழாம் பார்வையாக எட்டைப் பார்ப்பார். ஏழிலோ எட்டிலோ இருந்தால் கேட்கவே வேண்டாம், அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், சரியாக வரும்.

வடக்கே பலர் இரண்டாமிடத்தை விட்டுவிட்டு லக்னத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். லக்னத்தில் நின்றால் ஏழாம் பார்வை ஏழில் விழுகிறதே, அந்தக் கணக்கு. ஆக, தஞ்சாவூரில் தோஷம் இல்லை என்று சொன்ன ஜாதகத்தையே புனேயில் காட்டினால் மாங்கலிக், அதாவது செவ்வாய் தோஷ ஜாதகம் என்பார்கள்.

சரி, இன்னொரு கணக்கு. செவ்வாய் ஒரு ராசியில் சுமார் ஒன்றரை மாதம் இருப்பார். லக்னமோ ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும். பன்னிரண்டு லக்னத்தில் ஐந்துக்குத் தோஷம் என்றால், ஒரு நாளில் பத்து மணி நேரம். பிரசவ வார்டில் இன்று பிறக்கிற குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்துக்கு இரண்டு செவ்வாய் தோஷக் குழந்தைகள். லக்னத்தோடு நிறுத்தாமல் சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணினால்? பன்னிரண்டில் ஏழு பங்கு தப்பிக்கும் என்பதை மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள். தப்புகிறவர்கள் நூற்றுக்கு இருபது பேர்தான். மீதி எண்பது பேருக்கும் ஏதோ ஒரு வழியில் தோஷம் வந்துவிடும். ஊரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு இருக்கிற ஒன்றை வைத்து ஒரு பெண்ணை ஒதுக்கலாமா?

நம் பெரியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. தோஷத்தைச் சொன்ன கையோடு விலக்கையும் சொல்லி வைத்தார்கள். இரண்டாமிடம் மிதுனமாகவோ கன்னியாகவோ இருந்தால் தோஷமில்லை. நாலாமிடம் மேஷம், விருச்சிகம் என்றால் இல்லை. ஏழாமிடம் கடகம், மகரம். எட்டாமிடம் தனுசு, மீனம். பன்னிரண்டு, ரிஷபமோ துலாமோ. சிம்மத்திலும் கும்பத்திலும் செவ்வாய் எங்கே இருந்தாலும் தோஷமில்லை. சொந்த வீட்டில் ஆட்சி பெற்றாலும், பலம் மிகுந்த ராசியில் உச்சம் பெற்றாலும், குரு பார்த்தாலும், குருவோடு சேர்ந்தாலும் விலகிவிடும் என்பார்கள். கடக லக்னத்துக்கும் சிம்ம லக்னத்துக்கும் செவ்வாய் யோககாரகர், அதாவது நன்மை செய்கிறவர், அங்கேயும் விலக்கு. இவ்வளவும் மனப்பாடம் செய்ய வேண்டிய பாடம். முதல் பாதியைப் படித்தவர்கள் மறுபாதியைப் படிக்காமல் விட்டதுதான் வினை.

2018ஆம் வருடம் நினைவிருக்கிறதா? அந்த ஜூலைக் கடைசியில் செவ்வாய் பூமிக்கு 5.8 கோடி கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கி வந்தது. மொட்டை மாடியில் நின்றால் வெறும் கண்ணுக்கே செக்கச்செவேல் என்று தெரிந்தது. அந்த வருடம் வக்கிரமாகி, அதாவது பின்னோக்கிப் போவதுபோல் தோன்றி, திரும்பியதால் மே மாதத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, ஆறு மாதம், செவ்வாய் மகரத்தை விட்டு நகரவில்லை. மகரம் அவருடைய உச்ச வீடு, விலக்குச் சொன்ன இடம். அந்த ஆறு மாதத்தில் பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். நாளைக்கு வரன் பார்க்கும்போது அவர்களில் ஒருத்தியைக்கூட "செவ்வாய் இருக்கு" என்று யாரும் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு பதற்றத்தோடு சொல்கிறேன் தெரியுமா? நானே அந்தத் தவறைச் செய்தவன். தொழிலுக்கு வந்த புதிது. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிற ஒருவர் மகள் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். ரிஷப லக்னம். எட்டில் செவ்வாய். பார்த்த வேகத்தில் ஓரத்தில் சிவப்பு மையில் "செவ்வாய் தோஷம் உண்டு" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆறு வருடம் கழித்துப் பரிகாரம் கேட்டு மறுபடியும் வந்தார். அன்றைக்குத்தான் கட்டத்தை நிதானமாகப் பார்த்தேன். ரிஷப லக்னத்துக்கு எட்டாமிடம் தனுசு. தனுசு விலக்கு. அந்தப் பெண்ணுக்குத் தோஷமே கிடையாது.

எத்தனை வீட்டில் திருப்பி அனுப்பினார்கள் என்று அவர் சொல்லவில்லை. கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு வேறு எழுதிக் கொடுத்தேன். ஆனால் அதை ஜெராக்ஸ் எடுத்துத் தரகர்களிடம் எல்லாம் கொடுத்து வைத்திருந்தாரே, அந்த நகல்களை நான் எப்படிக் கிழிப்பது?

இன்னொன்று. இந்தத் தோஷத்தைச் சொல்கிற சுலோகத்தில் பெண் ஜாதகத்துக்குச் சொன்ன பலன்தான் ஆண் ஜாதகத்துக்கும் அதே வரியில் சொல்லப்பட்டிருக்கிறது. நடப்பில் என்ன செய்கிறோம்? பையனுக்கு இருந்தால் அதே மாதிரி ஒரு இடமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துவிடுகிறோம். பெண்ணுக்கு இருந்தால் தெருவே பேசுகிறது.

பரிகாரத்துக்கு வருகிறேன். வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போங்கள். அங்காரகன் என்கிற அந்தச் செவ்வாய்க்கே நோய் தீர்ந்த தலம் அது. செவ்வாய்க்கிழமை அங்கே முருகனான முத்துக்குமாரசுவாமியைக் கும்பிடுங்கள், துவரை தானம் செய்யுங்கள். மனசுக்குப் பலம் கிடைக்கும். ஆனால் வாழை மரத்துக்குத் தாலி கட்டி வெட்டுகிற சடங்கை என்னிடம் கேட்டு வராதீர்கள். ஒரு பெண்ணின் முன்னால் அதைச் செய்தால் அவள் மனசில் என்ன ஓடும் என்று நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. தோஷம் உண்மையாகவே இருந்தால் இரண்டு ஜாதகத்திலும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துச் சேர்ப்பதுதான் சாஸ்திரம் காட்டுகிற வழி.

ஜாதகம் எடுத்துவந்திருக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வாருங்கள், உட்கார்ந்திருக்கிறேன். பிறந்த நேரத்தை ஆஸ்பத்திரிச் சீட்டில் உள்ளபடி எழுதித் தாருங்கள். பத்து நிமிடம் தவறினால்கூடச் சில பேருக்கு லக்னம் மாறிவிடும். ஏற்கெனவே யாராவது ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தால், அந்தத் தாளை முதலில் காட்டுங்கள்.