நிரூபிக்க வேண்டியவர் யார்?

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்கத் தேர்தல் என்றாலே சிவப்பும் நீலமுமாக டிவியில் நிறம் மாறும் வரைபடம்தான் நமக்கு நினைவுக்கு வரும். இன்று அதை விட்டுவிடுவோம். ஓட்டுப் பெட்டிக்கு வெகு முன்னாலேயே, பெயர் பதிகிற மேஜையில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

ஃபேனி லூ ஹேமர், மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்த கறுப்பினப் பெண். 1962 ஆகஸ்ட் 31 அன்று இந்தியனோலா என்ற ஊருக்குப் பஸ்ஸில் போய், வாக்காளராகப் பதிய வரிசையில் நின்றார். மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவை எடுத்துக் கொடுத்து, "இதைப் பார்த்து எழுது, விளக்கமும் எழுது" என்றார்கள். விளக்கம் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வதும் அந்த அலுவலகமே. ஹேமர் தேறவில்லை. திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. பஸ்ஸின் நிறம் சரியில்லையாம், டிரைவருக்கு அபராதம்! சிரிக்காதீர்கள், 1964-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவரே சொன்ன சாட்சியம் இது. 18 வருஷம் உழைத்த தோட்டத்தை விட்டு அன்றிரவே வெளியேற வேண்டியதாயிற்று. மறு வருஷம் தேர்வில் தேறினார். அப்போதும், ஓட்டுப் போடுவதற்கென்று கட்ட வேண்டிய தலைவரியின் ரசீது இல்லை என்று ஓட்டுப் போட விடவில்லை.

இத்தனைக்கும், இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற, அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15-ஆம் திருத்தம் 1870-லேயே வந்துவிட்டது. "உனக்கு ஓட்டு இல்லை" என்று சட்டத்தில் யாரும் எழுதவில்லை. "தகுதி இருந்தால் நிரூபி" என்றார்கள், அவ்வளவுதான்.

1965 மார்ச் 7 அன்று அலபாமா மாநிலத்தின் செல்மா ஊர்ப் பாலத்தில், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியதை நாடே டிவியில் பார்த்தது. ஆகஸ்ட் 6-இல் வாக்குரிமைச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். அதன் 5-ஆம் பிரிவை நான் எப்போதும் வியந்து படிப்பேன். பாகுபாட்டுக்குப் பேர்போன இடங்கள் இனித் தேர்தல் விதி எதை மாற்றினாலும், அது இனத்தின் பேரால் யாரையும் பாதிக்காது என்று முன்கூட்டியே மத்திய அரசிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ நிரூபித்து அனுமதி வாங்க வேண்டும். நிரூபிக்கும் பாரம் குடிமகன் தலையிலிருந்து மாநில அரசின் தலைக்கு மாறியது. எழுத்தறிவுத் தேர்வும் ஒழிந்தது. சட்டத்துக்கு முன் மிசிசிப்பியில் பதிவு செய்த கறுப்பர்கள் 100-க்கு 7 பேர்கூட இல்லை. 1967-க்குள் ஏறக்குறைய 60 பேர்.

2013-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், எந்தெந்த இடங்களுக்கு இந்த அனுமதி தேவை என்று தீர்மானிக்கும் விதி காலாவதியானது, செல்லாது என்றது. பழைய புள்ளிவிவரத்தை வைத்து மாநிலங்களைத் தடுத்து நிறுத்தக் கூடாது என்ற வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நாடாளுமன்றம் புது விதி எழுதவே இல்லை. நனையவில்லையே என்று மழையில் குடையைத் தூக்கி எறிவது போல என்று நீதிபதி கின்ஸ்பர்க் மாறுபட்டு எழுதினார். டெக்சாஸ் அன்றைக்கே தன் அடையாள அட்டைச் சட்டம் அமலுக்கு வருகிறது என்று அறிவித்தது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம், கல்லூரி மாணவர் அட்டையைக் காட்டினால் செல்லாது. எதிர்ப்பவர்கள்தான் வழக்குப் போட்டு, வருஷக்கணக்கில் அலைந்து நிரூபிக்க வேண்டியிருந்தது.

பணத்துக்கு வருவோம். அங்கே பாரம் தலைகீழ், செலவழிப்பவர் முன்கூட்டி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. தேர்தல் செலவும் பேச்சுரிமைதான் என்பது 1976 தீர்ப்பு. வேட்பாளரோடு கலந்து செய்யாத பிரசாரத்துக்கு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் எவ்வளவும் செலவழிக்கலாம் என்பது 2010 தீர்ப்பு. வேட்பாளரோடு கலந்து செய்ததாகப் புகார் வந்தால்? விசாரிக்க மத்திய தேர்தல் ஆணையம் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், தேர்தலை நடத்துவது மாநிலங்கள், இவர்களுக்குப் பணக் கணக்கு மட்டும்தான். உறுப்பினர் இடம் ஆறு, ஒரு கட்சிக்கு மூன்றுக்கு மேல் கூடாது, விசாரணை தொடங்க நான்கு ஓட்டு வேண்டும். மூன்றுக்கு மூன்று என்று இழுபறியானால் புகார் அங்கேயே நின்றுவிடும். 2020 நவம்பரில் அதிபர் தேர்தல் நடந்தபோது, அந்த ஆணையத்தில் இருந்ததே மூன்று பேர்.