தலைப்பு மட்டும் மிஞ்சியது

நண்பர்களே, வணக்கம்.

நாவலைப் படமாக்கும்போது எது தொலைகிறது என்று பேச வந்திருக்கிறேன். இந்தக் காட்சி இல்லை, அந்தப் பாத்திரத்தைக் காணோம் என்று கணக்கெடுக்கப் போவதில்லை. எழுநூறு பக்கத்தை இரண்டரை மணி நேரத்தில் சொல்ல வேண்டுமானால் வெட்டத்தான் வேண்டும். என் வருத்தம் வேறு. சம்பவங்களை எடுத்துக்கொள்கிறார்கள்; அவை எதற்காகச் சொல்லப்பட்டனவோ, அதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு நாவலை நெருங்கிப் பார்ப்போம். ரிச்சர்ட் மாதிசன் 1954-இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்'. 'லெஜண்ட்' என்றால் காலங்காலமாகச் சொல்லப்படும் கதை; அந்தக் கதையில் வாழ்கிறவனும்தான். தொற்றுநோய் வந்து ஊர் உலகமெல்லாம் ரத்தம் குடிக்கும் கூட்டமாக மாறிவிடுகிறது. நோய் தொற்றாமல் மிஞ்சியவன் ராபர்ட் நெவில் ஒருவன்தான். இரவானால் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே கிடப்பான். ஒரு காலத்தில் அவனோடு பழகிய பென் கார்ட்மன், "வெளியே வா, நெவில்!" என்று வாசலில் நின்று கத்துவான். விடிந்ததும் நெவில் கூரிய மர ஆப்புகளை எடுத்துக்கொண்டு கிளம்புவான். தூங்குகிறவர்களைத் தேடிப் பிடித்து நெஞ்சில் அறைந்து கொல்வான். நாமும் கூடவே போகிறோம். பாவம், தனி ஆள், வேறென்ன செய்வான் என்று அவன் பக்கமே நிற்கிறோம்.

கடைசியில்தான் தெரிகிறது: நோயை மாத்திரையால் அடக்கிக்கொண்டு வாழக் கற்றவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு புதிய சமூகமாகவே கூடியிருக்கிறார்கள். அவர்களையும் அவன் கொன்றிருக்கிறான். பிடிபட்டு, சாவுக்குக் காத்திருக்கும்போது ஜன்னல் வழியே கீழே பார்க்கிறான். கூட்டம் அண்ணாந்து பார்த்து அப்படியே அடங்கிப்போகிறது. அத்தனை முகத்திலும் பயம். தூங்கும்போது வந்து உயிரெடுக்கும் பூதம், அவர்களுக்கு, அவன்தான். இனி அவர்கள் சொல்லும் கதைகளில் வரப்போகிறவனும் அவன்தான். அந்தத் தலைப்புக்கு அர்த்தம் அதுதான். அவன் பக்கம் நின்ற நம்மையும் சேர்த்தே அது சுடுகிறது.

2007-இல் வில் ஸ்மித் நடித்து வந்த படத்தில் நெவில் மருந்து கண்டுபிடிக்கிறான், அதைக் காப்பாற்ற உயிரைக் கொடுக்கிறான், மனிதகுலத்தின் ரட்சகனாகிறான். அதனால் 'லெஜண்ட்'. தலைப்பு அப்படியே இருக்கிறது, பொருள் நேர் எதிராகிவிட்டது.

சரி, இப்படிப்பட்ட விஷயமெல்லாம் எழுத்தில்தான் வரும், சினிமாவில் வராது என்பார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே படத்துக்கு முதலில் வேறொரு முடிவை எடுத்திருந்தார்கள். அதில் அந்தக் கூட்டத்தின் தலைவன் நெவிலைக் கொல்ல வரவில்லை. சோதனைக்காக நெவில் பிடித்துவைத்திருக்கும் தன் துணையை மீட்க வந்திருக்கிறான். நெவில் அவளைத் திருப்பிக் கொடுக்கிறான். அப்புறம் சுவரைப் பார்க்கிறான். அவன் சோதித்தவர்களின் படங்கள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. மாதிசன் சொன்னது அந்தச் சுவரில் இருக்கிறது. படம் வெளிவரும் முன் சோதனைக் காட்சியில் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை, மாற்றிவிட்டார்கள். பின்னால் டிவிடியில் வந்தது. கேமராவுக்கு முடிந்த காரியம்தான் அது. பார்ப்பவர் மனம் நோகாமல் வீட்டுக்குப் போகவேண்டும் என்ற எண்ணம்தான் அதை வெளியே தள்ளியது.

இந்தக் கத்தரிக்கோல் புத்தகத்திலேயே விழுவதும் உண்டு. ஆன்டனி பர்ஜெஸ் 1962-இல் எழுதிய 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலில் 21 அத்தியாயங்கள். கடைசி அத்தியாயத்தில், வன்முறையிலேயே திளைத்த அதன் நாயகன் அலெக்ஸுக்கு அது தானாகவே சலித்துப்போகிறது, அவன் வளர்ந்துவிடுகிறான். அமெரிக்கப் பதிப்பில் அந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டார்கள். 1971-இல் வந்த ஸ்டான்லி குப்ரிக்கின் படமும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. படம் பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் மனிதன் மாற முடியும் என்று நம்பி எழுதியவர், மாறவே மாட்டான் என்று சொன்னவராகப் பலர் மனத்தில் பதிந்துவிட்டார்.

அப்படியானால் வரிக்கு வரி எடுக்கவேண்டுமா? வேண்டாம். மகேந்திரன் 1979-இல் எடுத்த 'உதிரிப்பூக்கள்' படத்தைப் பாருங்கள். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பிறந்தது என்றாலும் கதையில் பெரும்பகுதி வேறு. மூலத்தைத் தேடிப் படிப்பவர் இதுவா அது என்று திகைக்கத்தான் செய்வார். ஆனால் இரண்டிலும் தாயில்லாமல் போன குழந்தைகள் இருக்கிறார்கள். பெரியவர்கள் தங்களுக்குள் என்னென்னவோ செய்துகொள்ள, அதன் பாரமெல்லாம் அந்தப் பிஞ்சுகள் தலையில் இறங்குகிறது. கதையை அவ்வளவு மாற்றிய மகேந்திரன் அந்தக் குழந்தைகளை மட்டும் கைவிடவில்லை. படம் முடியும்போது ஆற்றங்கரையில் நாம் அவர்களோடுதான் இருக்கிறோம்.