மெட்டல், பங்க், கோத்: தோட்டப் பட்டணத்துப் பிள்ளைகள் உடை வாங்கும் இடங்கள்

(காட்சி: சுங்கை சிப்புட் கடைத்தெரு. பின்னணியில் குரல் மட்டும்.)

வணக்கம். பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் வளரும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு மெட்டல் இசையோ பங்க் இசையோ பிடித்துவிட்டால், பாடல்களைக் கைப்பேசியிலேயே கேட்டுக்கொள்ளலாம். அந்தக் கூட்டத்துக்குரிய உடையை எங்கே வாங்குவது என்பதுதான் சிக்கல். அதற்கென்று ஒரு கடை இந்த ஊரில் கிடையாது, வீட்டில் கேட்டால் "இது என்ன கோலம்?" என்ற கேள்விதான் பதிலாக வரும். ஆனாலும், வேண்டியவற்றில் பெரும்பகுதி இதே கடைத்தெருவில் வேறு பெயர்ப் பலகைகளுக்குக் கீழே கிடைக்கிறது என்பதை இந்தக் காணொளியில் விளக்க விரும்புகிறோம்.

(காட்சி: பண்டல் கடையின் உட்புறம், வரிசையாகத் தொங்கும் சட்டைகள்.)

பண்டல் கடையிலிருந்து தொடங்குவோம். ஜப்பான், கொரியா, அமெரிக்கா முதலிய நாடுகளில் மக்கள் உடுத்திக் கழித்த துணிகள் வகை பிரிக்கப்பட்டு, இறுக்கிக் கட்டிய மூட்டைகளாகக் கப்பலில் மலேசியாவுக்கு வந்து சேர்கின்றன. கடைக்காரர் எடைக்கணக்கில் மூட்டையை வாங்குகிறாரே தவிர, உள்ளே எந்தச் சட்டை இருக்கிறது என்பது பிரித்த பிறகே அவருக்கும் தெரியும். ஆகையால், புது மூட்டை பிரிக்கும் நாள் எது என்று அவரிடமே கேட்டு, அன்று காலையிலேயே போய் நிற்பவருக்கு நல்லது கிடைக்கும். பிந்தி வருபவருக்கு மிச்சம்தான் கிடைக்கும்.

இசைக்குழுவின் பெயர் அச்சிட்ட டீ-சட்டை ஒன்று கையில் அகப்பட்டால், விலை பேசுவதற்கு முன் அதைத் திருப்பிப் பாருங்கள். கையின் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓடுவது ஒற்றைத் தையலா, இரட்டைத் தையலா என்று கவனியுங்கள். 1990களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் தைக்கப்பட்ட டீ-சட்டைகளில் ஒற்றைத் தையல் மிகுதி. அதற்குப் பிறகு இரட்டைத் தையலே வழக்கமாகிவிட்டது. படத்தின் அடியில் பொடி எழுத்தில் பதிப்புரிமை ஆண்டும் இருக்கும். அங்கே 1989 என்று போட்டிருக்க, விளிம்பில் இரட்டைத் தையலும் கழுத்தில் புத்தம் புது லேபலும் இருந்தால், அது பெரும்பாலும் பின்னாளில் மறு அச்சாக வந்த சட்டை அல்லது போலி. மறு அச்சை உடுத்துவதில் எந்தக் குறையும் இல்லை. பழைய சட்டைக்குரிய விலையை அதற்குக் கொடுப்பதுதான் வீண்.

(காட்சி: உரிந்துபோன கறுப்பு ஜாக்கெட், அண்மைக் காட்சி.)

பண்டலில் கிடைக்கும் கறுப்பு ஜாக்கெட் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். தோல்போலத் தெரிந்தாலும், அவற்றில் பல, துணியின்மேல் பாலியூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக் பூசியவை. அந்தப் பூச்சு காற்றின் ஈரத்தால் சிதையக்கூடியது என்பதால், நம் நாட்டு வெப்பத்திலும் புழுக்கத்திலும் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரிந்துவிடும். வாங்கும் முன் கழுத்துப் பட்டையையும் முழங்கை மடிப்பையும் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். பாலியூரித்தேன் அடிப்பாகம் கொண்ட பழைய சப்பாத்துகளுக்கும் இதே கதிதான். பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் பொடியாக உதிரும். நம் தட்பவெப்பத்துக்கு ஜாக்கெட்டைவிட, கை வெட்டிய ஜீன்ஸ் மேற்சட்டையே ஏற்றது என்பது என் கருத்து.

(காட்சி: இரும்புச் சாமான் கடை, சுருளாகத் தொங்கும் சங்கிலிகள்.)

அந்த மேற்சட்டையை அலங்கரிக்க இரும்புச் சாமான் கடைக்குப் போகலாம். சிலுவாரின் இடுப்பில் தொங்கும் சங்கிலியை இணையத்தில் தேடி அலைய வேண்டியதில்லை. தவுக்கேயிடம் கேட்டால் அளந்து வெட்டிக் கொடுப்பார், இரு முனைக்கும் கொக்கி அங்கேயே கிடைக்கும். துணியில் துளையிட்டு உலோக வளையம் அடிப்பதைச் சப்பாத்து தைப்பவர் செய்வார். அகலமான பண்டல் ஜீன்ஸைக் கணுக்கால்வரை ஒட்டிப் பிடிக்கும்படி குறுக்கித் தருவதற்குத் தையல்கார அக்கா இருக்கிறார். சட்டையில் ஒட்டுப்போடும் துண்டுகளைப் பிள்ளைகள் வீட்டிலேயே செய்கிறார்கள்: கெட்டியான பிளாஸ்டிக் கோப்பு அட்டையில் எழுத்தை வெட்டி, கறுப்புப் பருத்தித் துணியின்மேல் வைத்து, துணிச் சாயத்தைப் பஞ்சால் ஒற்றி, காய்ந்தபின் பின்புறமாக இஸ்திரி போட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும். அதைச் சட்டையில் தைக்க, மெழுகு பூசிய பல் இடுக்கு நூலைப் பயன்படுத்துவது உலகெங்கும் பங்க் பிள்ளைகளிடையே உள்ள பழக்கம். சாதாரண நூலைவிட அது நெடுநாள் அறாமல் இருக்கும்.

கடை இல்லாத ஊரில் பிறந்ததால்தான் இப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது என்று எந்தப் பிள்ளையும் மனம் குன்ற வேண்டாம். ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டும் இசைக்குழு மேலாளர் மால்கம் மெக்லாரனும் லண்டன் கிங்ஸ் ரோடு 430ஆம் எண்ணில் நடத்திய கடை பங்க் உடைக்குப் பிறப்பிடமாகப் பேசப்படுகிறது. ஆனால் அங்கே விற்ற உடைகளின் விலை லண்டன் பிள்ளைகள் பலருக்கே எட்டவில்லை. அவர்கள் பழைய சட்டையைக் கிழித்து, ஊக்குக் குத்தி, தாங்களே எழுதி உடுத்தினார்கள்.

சப்பாத்தும் அப்படித்தான். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த டாக்டர் மார்டென்ஸ் சப்பாத்தைத் தொடக்கத்தில் வாங்கியவர்கள் தபால்காரர்களும் தொழிற்சாலைத் தொழிலாளர்களும்தான். இசைக் கூட்டத்தார் அதைப் பின்னரே தமதாக்கிக்கொண்டனர். இன்று அதன் விலை பல நூறு ரிங்கிட். செம்பனைத் தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்பவர்களுக்காக நம் பட்டணத்துக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் கறுப்புப் பாதுகாப்புச் சப்பாத்து, அதே மரபில் வரும் தொழிலாளர் சப்பாத்துதான். விரல் பகுதியில் இரும்பு இருப்பதால் கனமாக இருக்கும்; காலுறை போட்டு நடந்து பார்த்தே வாங்க வேண்டும்.

(காட்சி: ஃபேன்சி கடைக் கண்ணாடிப் பெட்டி; கறுப்பு வளையல், கண் மை.)

கறுப்பு உடையும் கறுப்பு ஒப்பனையுமான கோத் பாணியை விரும்பும் பெண் பிள்ளைகளுக்கு நம் ஃபேன்சி கடையே பெரிய வரம். கறுப்பு வளையல், கருமணி, கறுப்பேற்றிய வெள்ளி நிறத் தோடு, கொலுசு எல்லாம் அங்கே சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். கண் மை வாங்கும்போது மட்டும், சுகாதார அமைச்சின்கீழ் உள்ள மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவான, என்ஓடி (NOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சில மைகளில் ஈயம் கலந்திருப்பது உண்டு. மூக்குத்தி நம் பாட்டிமார் அணிந்ததுதான், அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூக்கையும் காதின் மேற்பகுதிக் குருத்தெலும்பையும் துப்பாக்கிபோன்ற கருவியால் குத்தாமல், புதிய ஊசியால் குத்தச் சொல்லுங்கள். நிறக் கண்வில்லையை இணையத்திலோ பாசார் மாலாமிலோ வாங்கவே கூடாது. கண் பரிசோதகர் அளந்து தருவதை மட்டுமே கண்ணில் வைக்க வேண்டும்.

இணையக் கடைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளுக்கே தெரியும். உடையில் பதிக்கும் கூம்பு ஆணி, அகலமான இடுப்புப் பட்டை போன்றவற்றுக்கு ஷாப்பியும் லசாடாவும் உதவும். வெளிநாட்டிலிருந்து இணையவழி வரும், 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

(காட்சி: கறுப்புத் திரை.)

நம் சமூகத்துக்கென்றே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2013இல் உள்துறை அமைச்சு வெளியிட்ட 49 குண்டர் கும்பல்களின் பட்டியலில் 04, 08, 36 ஆகிய எண்களால் அழைக்கப்படும் கும்பல்களும் இருந்தன. அந்த எண்கள் பொறித்த சட்டை, விளையாட்டு உடையாகவோ இசைக்குழுவின் உடையாகவோ இருந்தாலும், அதை உடுத்தியிருக்கும் இந்திய இளைஞனைக் காவல் துறையினர் வழிமறித்து விசாரிக்கக்கூடும். அது நியாயமற்றது என்றே நான் எண்ணுகிறேன். இருப்பினும் பண்டலில் அப்படிப்பட்ட எண் தெரிந்தால் அந்தச் சட்டையை விட்டுவிடுங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: மண்டையோடு போட்ட சட்டையைக் கண்டதும் கும்பல் என்று முடிவு கட்டாமல், அது எந்தக் குழுவின் சட்டை என்று பிள்ளையிடம் கேளுங்கள், பெரும்பாலும் அந்தக் குழுவின் வரலாற்றையே சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

(காட்சி: இடிஎஸ் ரயில், பிறகு ஜாலான் டாங் வாங்கி.)

பள்ளி விடுமுறையில் ரயிலேறிக் கோலாலம்பூர் போக வாய்ப்பு கிடைத்தால், ஜாலான் டாங் வாங்கியில் உள்ள கேம்பெல் வளாகத்தைப் பாருங்கள். பழைய இசைக்குழுச் சட்டைகளுக்கும் இசைத்தட்டுகளுக்கும் பெயர்பெற்ற இடம் அது. பினாங்குப் பக்கம் போகிறவர்கள் ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். உள்நாட்டுக் குழுக்களின் நிகழ்ச்சிகளுக்குப் பெரியவர் ஒருவரின் துணையோடு போனால், அரங்க வாசலில் குழுவினரே மேசை போட்டு விற்கும் சட்டைகளையும் ஒட்டுத் துண்டுகளையும் வாங்கலாம். அங்கே கொடுக்கும் பணம் பாடுபவர்களின் கைக்கே போகிறது. சட்டையின் அளவைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்த மேசையில் மாற்றித் தர இன்னொன்று மிஞ்சியிருப்பது அரிது.