பழைய படகுக்கு அச்சாரம் கொடுக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்கரைக் கிராமங்கள் பலவற்றில் கட்டுமரம் கிடந்த இடத்தை ஃபைபர் படகு பிடித்துக்கொண்டது. அந்தப் படகுகள் கைமாறிக்கொண்டே இருப்பதால், பழைய படகு வாங்குகிறவர் பழுதுச் செலவை விற்பவரோடு எப்படிப் பேசி முடிக்க வேண்டும் என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

தண்ணீரில் மிதக்கும் படகைப் பார்த்து அச்சாரம் கொடுக்காதீர்கள். கரையேற்றிக் காய்ந்த பிறகு பாருங்கள். மணலில் இழுத்து இழுத்து அடிப்பாகம் தேய்ந்திருக்கும். மிதப்புக்காக அடைத்த ஃபோம் நீர் குடித்திருந்தால், படகைத் தள்ளும்போதே கனம் தெரிந்துவிடும். இவை கண்ணுக்கும் கைக்கும் எட்டுபவை. எளிதில் எட்டாதது எஞ்சின் மாட்டும் பின்பலகை. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அந்தப் பலகை வெளிப்பார்வைக்கு ஃபைபர். பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒட்டுப்பலகை. போல்ட் துளைகளின் வழியே உப்புநீர் இறங்கி உள்பலகை மட்கிப்போனாலும், மேல்பூச்சு பளபளப்பாகவே நிற்கும். நாகப்பட்டினம் பக்கம் நான் அருகிலிருந்து பார்த்த ஒரு பேரத்தில், வாங்க வந்த பெரியவர் சிறு சுத்தியலால் பின்பலகையைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே 'டக் டக்' என்று கேட்ட ஓசை, துளைகளுக்குக் கீழே 'பொத்' என்று அமுங்கியது. விற்பவரையும் தட்டிப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு போல்ட்டைக் கழற்றியதும் பழுப்பு நிறத்தில் நீர் கசிந்தது. "அண்ணே, பலகைய நானே மாத்தித் தந்துடுறேன்" என்றார் விற்பவர். "வேணாம் தம்பி, அந்தக் காசைக் கழிச்சிக்க. வேலைய என் மேஸ்திரி பாத்துக்குவாரு" என்றார் பெரியவர்.

அவர் கேட்டதே முறை என்பது என் உறுதியான கருத்து. ஈரம் உலராத பலகையின் மேல், ஃபைபரை ஒட்டவைக்கும் ரெசின் என்ற பசை சரியாகப் பிடிக்காது; ஆனால் பூச்சு மூடிய பிறகு அது உலர்ந்திருந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. விற்று முடிக்கும் அவசரத்தில் இருப்பவர் பலகை உலரும்வரை காத்திருப்பாரா? ஆகவே உங்கள் மேஸ்திரியை முன்கூட்டியே அழைத்துச் சென்று, ரெசின், ஃபைபர் மேட், பலகை, கூலி, கடலுக்குப் போக முடியாத நாட்களின் வருமானம் எல்லாவற்றையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'பார்த்துப் போட்டுக் கொடுங்கள்' என்பதற்கு இறங்காத விலை, அந்தத் தாளுக்கு இறங்கும். மீண்டும் சொல்கிறேன்: முதலில் மதிப்பீடு, பிறகு விலை, அதன் பிறகே அச்சாரம்.

எஞ்சினுக்குத் தனி விலை பேசுங்கள். ஆறிக் கிடக்கும் எஞ்சினை உங்கள் முன்னால் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். ஆவணங்களைப் பற்றி ஒரே வார்த்தை. மீன்வளத் துறைப் பதிவெண் படகில் எழுதியிருப்பதோடு ஒத்திருக்க வேண்டும், படகின் மேல் கடன் பாக்கி இருக்கக் கூடாது. இவற்றுக்குக் கழிவு பேசாமல் விற்பவரையே சரிசெய்யச் சொல்லி, பெயர் மாற்றம் முடியும்வரை கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள். நன்றி, வணக்கம்.