நாற்காலி கிடைத்தது, பதில் கிடைத்ததா?

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன் பேசி அமர்ந்த எதிரணி அம்மையாருக்கும், ஒரு வார வேலையை முடித்த களைப்போடும் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் நியூசிலாந்தின் ஆக்லாந்துத் தமிழ் அவையோருக்கும் என் வணக்கம். "மாநகர ஆலோசனைக் குழுக்கள் பல பண்பாட்டு மக்களுக்குத் தருவது குரலா, நாற்காலியா?" என்பது இன்று நம் முன் உள்ள வழக்கு. உட்கார இடம் தந்தார்கள், சொன்னதைக் கேட்க வைக்கும் உரிமை தரவில்லை, ஆகவே நாற்காலியே என்னும் அணியில் நின்று நான் பேசுகிறேன்.

அம்மையார் சொன்னவற்றில் பெரும்பகுதியை நான் மறுக்கவில்லை. 2010 நவம்பர் 1 அன்று எட்டு மன்றங்களை ஒன்றாக்கி ஆக்லாந்து மாநகர மன்றத்தை உருவாக்கியபோது, பசிபிக் தீவு மக்களுக்கு ஒன்றும் மற்ற இனக்குழு மக்களுக்கு ஒன்றுமாக ஆலோசனைக் குழுக்கள் அமைய வேண்டும் என்று சட்டமே வழி செய்தது என்றார். உண்மை. அந்தக் குழுக்களில் அமர்ந்தவர்கள் தங்கள் நேரத்தைக் கொடுத்து உழைத்த நல்லவர்கள் என்றார். அதுவும் உண்மை. ஆனால் சட்டத்தின் கதையை அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அந்தச் சட்டக் கட்டாயம் முதல் பதவிக்காலம் முடியும்வரை, அதாவது 2013 நவம்பர் வரை மட்டுமே இருந்தது. அதற்குப் பிறகு அத்தகைய குழு இருப்பதும் இல்லாமல் போவதும், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தலில் வென்று வரும் மன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. கேட்பவர் விரும்பும் வரைதான் பேச முடியும் என்றால், அதைக் குரல் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை, நடுவர் அவர்களே.

யாருக்காக இந்தக் குழு என்று பார்ப்போம். 2023 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாநகரில் ஏறத்தாழ பதினாறரை லட்சம் பேர் வாழ்கிறோம். நூற்றுக்கு 31 பேர் ஆசிய இனத்தவர். இந்த நாட்டு வழக்கில் 'இனக்குழு மக்கள்' என்றால் ஆசியர் மட்டுமல்லர். ஆப்பிரிக்கர், மத்திய கிழக்கினர், தென்னமெரிக்கர், ஐரோப்பாவிலிருந்து வந்தவர் எல்லோரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம். தங்க வேட்டைக் காலத்தில் குவாங்தொங்கிலிருந்து வந்த சீனரின் கொள்ளுப்பேரனும், அகதியாக வந்து சேர்ந்த சோமாலியத் தாயும், வட கரையில் கடை வைத்திருக்கும் கொரியரும், சாண்ட்ரிங்ஹாமில் மளிகை வாங்கும் நாமும் ஒரே குழுவுக்குள் வந்துவிட வேண்டும்.

'இந்தியர்' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு இதைச் சற்று நெருங்கிப் பார்க்க அனுமதி வேண்டுகிறேன். தெற்கே புக்கிகோஹேயில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே காய்கறித் தோட்டம் போட்ட குஜராத்தியரும் பஞ்சாபியரும் இருந்தார்கள். அவர்கள் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அங்கே 1920-களின் நடுவில் வெள்ளையர் சங்கம் ஒன்று கிளம்பியது. 1987 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு ஃபிஜியிலிருந்து வந்து குடியேறியவர்கள் இன்னொரு கூட்டம். அவர்களுக்குள்ளேயே, 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வழிவந்த தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் தனி. நம் கோவிலுக்கு வரும் ஒரு ஃபிஜித் தமிழ் அக்கா என்னிடம் ஒருநாள் தம் பாட்டியின் தாலாட்டில் நான்கு வரி பாடிக் காட்டினார். சொற்கள் தேய்ந்திருந்தன. பொருள் அவருக்குத் தெரியாது, ராகம் மட்டும் மாறாமல் இருந்தது. "இது என்ன மொழி என்று கேட்டால் தமிழ் என்பேன், தமிழ் பேசுகிறாயா என்று கேட்டால் தலைகுனிவேன்" என்றார். அவர் பேசுவது ஃபிஜி இந்தி. இந்தியருக்கென ஒரு நாற்காலி போட்டு அதில் நேற்று பெங்களூரிலிருந்து வந்த ஒரு மென்பொருள் வல்லுநரை அமர்த்தினால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த அக்காவின் தேவை என்ன என்று அவருக்கு எப்படித் தெரியும்? அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற கடமைதான் அந்த வல்லுநருக்கு உண்டா? அவரைத் தேர்ந்தெடுத்தவர் அக்கா அல்லர். விண்ணப்பத்தைப் படித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் மன்றத்தார். பிரதிநிதி என்பவர் யாரிடம் திரும்பி வந்து கணக்குச் சொல்கிறாரோ அவர்களுக்கே பிரதிநிதி.

இனி, இந்த வழக்கை முடித்துவைக்கக்கூடிய சான்று என்று நான் கருதுவதற்கு வருகிறேன். அதை வேறு ஊரில் தேட வேண்டியதில்லை. இதே மாநகரத்தில், இதே மன்றத்தின் பக்கத்திலேயே இருக்கிறது.

மாநகரை இணைப்பதற்கு முன் ஆராய்ந்த அரச ஆணையம், இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு மன்றத்தில் மூன்று இடங்கள் வேண்டும் என்று 2009-இல் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. அதை எதிர்த்து அந்த ஆண்டு மே மாதத்தில் நகர நடுவிலுள்ள குயின் தெரு நிறைய ஆயிரக்கணக்கானோர் பேரணியாக நடந்தார்கள். இடங்கள் கிடைக்கவில்லை, அதற்கு மாற்றாகச் சுயேச்சையான மாவோரி சட்டபூர்வ வாரியம் ஒன்று அமைந்தது. ஒன்பது உறுப்பினர்கள். ஏழு பேர் இந்த நிலத்துக்கு உரிய குலங்களின் சார்பில், இரண்டு பேர் வேறு பகுதிகளிலிருந்து வந்து இங்கே வாழும் மாவோரியரின் சார்பில். அவர்களை மேயர் நியமிப்பதில்லை. குலங்களின் பிரதிநிதிகள் கூடிய தேர்வுக் குழு தேர்ந்தெடுக்கிறது. இயற்கை வளம், நிலம், நீர் பற்றி முடிவெடுக்கும் மன்றக் குழுக்களில் வாரியத்தின் இருவர் வரை அமர்ந்து வாக்களிக்கிறார்கள். வாரியத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டியதும், தகவல் தர வேண்டியதும், அதன் அறிவுரையைக் கணக்கில் எடுக்க வேண்டியதும் மன்றத்தின் சட்டக் கடமைகள்.

நம் இனக்குழு ஆலோசனைக் குழுவை இதன் அருகே வைத்துப் பாருங்கள். வாக்கு இல்லை. தன் பணம் இல்லை. சொன்னதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொன்னதற்கு ஏன் முடியாது என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாவோரி மக்களுக்குச் சமமாக எங்களையும் வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் இந்த மண்ணின் மக்கள். அவர்களின் உரிமை 1840-இல் மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் கையெழுத்திட்ட வைத்தாங்கி ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. நாம் அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்ததே அவர்கள் கேட்டதில் குறைவு. நான் அந்த வாரியத்தைக் காட்டுவது, ஒரு குழுவுக்கு உண்மையான குரல் கொடுக்க வேண்டுமென்றால் எப்படிக் கொடுப்பது என்று இந்த மாநகரத்துக்கு நன்றாகத் தெரியும் என்பதற்காகத்தான். வாரியத்துக்குக் கிடைத்த அந்த உரிமைகளில் ஒன்றுகூட இனக்குழு ஆலோசனைக் குழுவுக்கு வைக்கப்படவில்லை.

"உங்களுக்கு வாக்குரிமை இருக்கிறதே, குறை என்ன?" என்று எதிரணியிலிருந்து அடுத்து வருபவர் கேட்கக்கூடும். இருக்கிறது. குடியுரிமை பெறாத நிரந்தர வசிப்பாளரும் ஓராண்டு வாழ்ந்தால் வாக்களிக்கலாம் என்பது 1975 முதல் இந்த நாட்டின் பெருமை. உலகில் மிகச் சில நாடுகளே இதைச் செய்கின்றன, அதற்கு நான் நன்றியுடையவன். ஆனால் 2022 மாநகரத் தேர்தலில் வாக்களித்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 35 பேர். இருபது உறுப்பினர்கள் வட்டார வாரியாகத் தேர்ந்தெடுக்கப்படும்போது, வட்டாரம் வட்டாரமாகச் சிதறி வாழும் சிறிய சமூகம் ஒன்று எங்குமே பெரும்பான்மை ஆவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆலோசனைக் குழுவே வந்தது.

அந்த இடைவெளிக்கு என்ன விலை என்பதை 2023 ஜனவரி 27 காட்டியது. அந்த வெள்ளிக்கிழமை மாலை வெஸ்லியிலும் மவுண்ட் ராஸ்கிலிலும் சாண்ட்ரிங்ஹாமிலும் பெருமழையில் தெருக்கள் ஆறாக ஓடின. அந்த வெள்ளத்தில் நால்வர் உயிரிழந்தார்கள். அவசரநிலை மக்களுக்கு அறிவிக்கப்பட்டபோது இரவு பத்து மணி கடந்திருந்தது. பின்னர் முன்னாள் காவல்துறை ஆணையர் மைக் புஷ் தலைமையில் நடந்த ஆய்வு, மக்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்த விதத்தில் இருந்த குறைகளை எடுத்துச் சொன்னது. அன்று இரவு எந்தத் தெருவில் எந்த மொழி பேசும் முதியவர் தனியாக இருக்கிறார், யாருடைய எண்ணுக்கு அழைத்தால் அந்தக் கதவு தட்டப்படும் என்பது கோவில்களுக்கும் தேவாலயங்களுக்கும் மசூதிகளுக்கும் தெரியும். அந்த அறிவை அவசரகாலத் திட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் உரிமையும் அதிகாரமும் உள்ள ஒரு குழுவைத்தான் நான் குரல் என்பேன்.

கடைசியாக ஒன்று. எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். கோவில் மடைப்பள்ளியில் பல ஆண்டுகளாகச் சமையல் பொறுப்பில் இருக்கும் ஓர் அம்மாவுக்குக் கருத்துக் கேட்புப் படிவம் ஒன்று வந்தது. புளிக்கரைசல் பட்ட விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அதை என்னிடம் நீட்டினார். 'முழுவதும் ஆதரிக்கிறேன்', 'ஓரளவு ஆதரிக்கிறேன்', 'ஆதரிக்கவில்லை' என்று மூன்று கட்டங்கள். நான் ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பேருந்து பூசை முடிந்த பிறகுதான் வருகிறது, அதை இதில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?" என்றார். கட்டம் இல்லை. ஓரத்து வெள்ளையில் தமிழில் எழுதினார், நான் கீழே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. அதே வட்டாரத்துக்கான ஆலோசனைக் கூட்டத்தில் நம்மவர் ஒருவர் இருந்தார்; அவரிடமும் சொன்னோம். அவர் அக்கறையோடு குறித்துக்கொண்டு கூட்டத்தில் பேசினார். கூட்டக் குறிப்பில் "பொதுப் போக்குவரத்து குறித்துக் கருத்துகள் பகிரப்பட்டன" என்று ஒரு வரி இருந்தது.

நாங்கள் கேட்பது பெரிதல்ல, நடுவர் அவர்களே. குழு உறுப்பினரைச் சமூகங்களே அனுப்பட்டும். அவர் திரும்பி வந்து அவர்களிடம் கணக்குச் சொல்லட்டும். குழு தரும் ஒவ்வொரு பரிந்துரைக்கும் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் வரட்டும். முடியாது என்றால் காரணத்தோடு முடியாது என்று வரட்டும். காரணத்தோடு வரும் மறுப்பும் எங்களுக்கு மரியாதைதான்.

எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வியை வைத்து அமர்கிறேன். இனக்குழு ஆலோசனைக் குழு சொன்ன ஒரு பரிந்துரையை எடுத்துக் காட்டுங்கள். அதை ஏற்றோ மறுத்தோ, காரணம் சொல்லியோ வந்த பதிலையும் அதன் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அந்த இரண்டு தாள்களும் இந்த மேசைக்கு வந்தால், நடுவர் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே நான் எழுந்து உங்கள் அணிக்கு வந்துவிடுகிறேன்.

வணக்கம்.