இன்றைக்கு யார் வீட்டு முறை?

அனைவருக்கும் வணக்கம்.

இன்று காலையோ மதியமோ உங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு வெந்திருக்கும். அந்தக் கிழங்குக்குப் பூர்விகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால், காட்டில் கசப்பாகக் கிடந்த கிழங்கைப் பொறுக்கியெடுத்து, பயிராக்கி, உணவாக்கியவர்கள் அந்த மலை மக்கள். அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்றும் அங்கேதான் உழுகிறார்கள். இப்போது வெளியூர்க்காரர்கள் அவர்கள் வீட்டில் போய்த் தங்குகிறார்கள், வயலில் கூடவே இறங்குகிறார்கள், அவர்கள் சாப்பிடுவதையே சாப்பிடுகிறார்கள். சமூகச் சுற்றுலா என்று இதற்குப் பெயர். நான் பல வருஷமாக விடாமல் கவனித்துவரும் விஷயம் இது.

எனக்கு இதில் ஒரு கேள்விதான் முக்கியம். வருகிற விருந்தாளி யார் வீட்டில் தங்குவது, யார் சமைப்பது, அந்தக் காசு எப்படிப் பிரிவது, இதையெல்லாம் முடிவு செய்வது யார்? ஊரா, வெளியாளா? இந்தக் கேள்விக்கு இன்னும் ஓரிரு தடவை திரும்பி வருவேன்.

பெரு நாட்டில் குஸ்கோ நகரத்துக்குப் பக்கத்தில் பிசாக் என்று ஓர் ஊர். அதற்கு மேலே மலையில், கெச்சுவா மொழி பேசும் சில கிராமங்கள் 2000-களின் தொடக்கத்தில் தங்கள் நிலங்களை ஒன்றாகச் சேர்த்து 'உருளைக்கிழங்குப் பூங்கா' என்று அறிவித்தன. பூங்கா என்றதும் வேலியும் நுழைவுச் சீட்டும் நினைவுக்கு வரும். அப்படி இல்லை. 9,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட விளைநிலமும் மேய்ச்சல் நிலமும்தான் பூங்கா. 1,300-க்கும் மேற்பட்ட கிழங்கு வகைகளை அங்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஊதா, சிவப்பு, கறுப்பு, உள்ளே வளையம் வளையமாக நிறம் ஓடுவது என்று எத்தனையோ. லிமாவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையம் முன்பு இந்தப் பகுதியிலிருந்து விதை சேகரித்துக்கொண்டு போயிருந்தது. 2004-இல் ஓர் ஒப்பந்தம் போட்டு 410 வகைகளை இந்த ஊர்களுக்கே திருப்பிக் கொடுத்தது. விதை திரும்பி வந்தது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அங்கே வருகிறவர்களுக்கு ஒரு கிழங்கைக் காட்டுவார்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமாக, இரண்டு முண்டுக்கு நடுவில் ஆழமான பள்ளமாக இருக்கும் அது. மருமகளை அழவைக்கும் கிழங்கு என்பார்கள். கல்யாணம் பேசும்போது பையனின் அம்மா இதைப் பெண்ணின் கையில் கொடுத்து, "தோலைச் சீவம்மா" என்பாராம். தோல் மட்டும் போக வேண்டும், சதை வீணாகக் கூடாது. நான் போயிருந்தபோது எங்களோடு வந்த ஒரு பெண்ணிடம் கத்தியைக் கொடுத்தார்கள். அவர் அவசரப்படவில்லை. கத்தி முனையைப் பள்ளத்துக்குள் விட்டு நெம்பி நெம்பி எடுத்தார். சுற்றி உட்கார்ந்திருந்த ஊர்ப் பெண்கள், விழுந்த ஒவ்வொரு தோலையும் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள், சதை ஒட்டியிருக்கிறதா என்று. ஒரு பாட்டி கடைசித் தோலையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் பக்கத்து வயலில் மண்கட்டிகளைக் குவித்துச் சின்ன அடுப்பு கட்டி, உள்ளே தீ மூட்டி, கட்டிகள் நன்றாகக் காய்ந்ததும் கிழங்குகளைப் போட்டு அடுப்பையே மேலே இடித்துத் தள்ளினார்கள். அந்தச் சூட்டிலேயே கிழங்கு வெந்தது. தோண்டியெடுத்து, மண்ணைத் தட்டி, காரத் துவையலோடு கொடுத்தார்கள்.

நமக்கு அது ஒரு நல்ல நாள், அவ்வளவுதான். ஊருக்கு அது வேறு. சமையலுக்கு ஒரு குழு, மூலிகைக்கு ஒரு குழு, நெசவுக்கு ஒரு குழு, வழிகாட்டிகளுக்கு ஒரு குழு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். சம்பாதிப்பதில் ஒரு பகுதி பொது நிதிக்குப் போய், அங்கிருந்து ஊர்களுக்குப் பிரிகிறது. ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோமே, அந்த ஒழுங்குதான் இது. முறை ஊர் கையில் இருக்கும்வரை கடைமடைக்கும் தண்ணீர் போகும்.

முறை கைமாறினால் என்ன ஆகும்? அதற்கு தாக்கிலே தீவைப் பார்க்க வேண்டும். அதே பெருவின் டிட்டிகாக்கா ஏரியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்னத் தீவு. ஆண்கள் நடந்துகொண்டே தொப்பி பின்னுவார்கள். அந்த நெசவுக் கலையை 2005-இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. 1970-களில் வெளிநாட்டார் வரத் தொடங்கியபோது தீவுக்காரர்கள் தாங்களே படகு கட்டி ஓட்டினார்கள். கரையிலிருந்து மேலே ஏறிவரும் விருந்தாளியை வரிசைப்படி இன்ன வீடு என்று அனுப்புவார்கள். பணக்கார வீடு, ஏழை வீடு என்று பார்ப்பதில்லை. 1990-களில் எந்தத் தொழிலும் ஒரு தரப்புக்கே ஏகபோகமாக இருக்கக் கூடாது என்று அரசு சட்டம் கொண்டுவந்தது, தீவுக்காரர்களின் படகுத் தொழிலும் அதில் சிக்கியது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன? ஏரிக்கரையில் உள்ள புனோ நகரத்துச் சுற்றுலா ஏஜென்சிகளின் வேகப் படகுகள் வந்தன. காலையில் இறங்கி, மதியம் சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பிவிடும் கூட்டம் வந்தது. எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போவது என்பதைப் படகில் வந்த ஏஜென்சி ஆள் தீர்மானித்தார். இரவு தங்குகிறவர்கள் குறைந்தார்கள், வீட்டு வரிசை ஆட்டம் கண்டது. தீவுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, சொந்தமாகவே பயண நிறுவனம் தொடங்கி இன்றும் போராடுகிறார்கள். யார் முடிவு செய்கிறார்கள் என்று நான் கேட்டேனே, இதற்காகத்தான் கேட்டேன்.

இன்னொன்று. விருந்தாளியை மட்டும் நம்பி வயலை விட்டுவிடக் கூடாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பெரு தன் எல்லைகளை மூடியது. குஸ்கோவில் சுற்றுலாவை நம்பியிருந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் வருமானம் நின்றது. உருளைக்கிழங்குப் பூங்காவுக்கும் யாரும் வரவில்லை. ஆனால் பயிரும் விதையும் அங்கே இருந்தன. அந்த ஊர்க்காரர்கள் குஸ்கோவில் பசித்திருந்தவர்களுக்குக் கிழங்கு அனுப்பிவைத்தார்கள். சுற்றுலாவுக்காக உழவைக் கைவிட்ட ஊராக இருந்திருந்தால் அவர்களும் அன்று கைநீட்டித்தான் நின்றிருப்பார்கள்.

நேரம் ஓடிவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கைகாட்டுகிறார்கள். அமேசான் காட்டைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், ஓர் ஊரை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெருவின் தம்போபாத்தா ஆற்றங்கரையில் இன்ஃபியர்னோ. எஸெ எஹா பழங்குடியினரும், மலையிலிருந்து இறங்கி வந்து குடியேறியவர்களும் சேர்ந்து வாழும் ஊர். 1996-இல் ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு 20 வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். லாபத்தில் ஊருக்கு 60 சதவீதம், நிறுவனத்துக்கு 40. 1998-இல் விடுதி திறந்தது, அறைகளில் ஒரு பக்கம் சுவரே கிடையாது, காடுதான். நிலம் ஊருடையது. அந்த ஒப்பந்தப்படி நிர்வாக முடிவுகளில் ஊர் தேர்ந்தெடுத்த குழுவுக்கும் சம பங்கு இருந்தது. வருகிறவர்களை ஊரின் மூலிகைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் அழைத்துப் போகிறார்கள். வயலில் மரவள்ளி நிற்கும். குமரி மாவட்டத்து நேயர்கள் மரச்சீனி என்பீர்களே, அதற்கும் பூர்விகம் அந்த அமேசான் பக்கம்தான்.

வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்துக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி, வணக்கம்.