உறவுக்காரர் கையில் ஒரு குவளை

எல்லோருக்கும் வணக்கம்.

பேரிடர் என்றதும் இடிந்த வீடும் மீட்புப் படகும்தான் கண்முன் வரும். அதெல்லாம் முதல் இரண்டு நாள் கதை. தப்பிப் பிழைத்து முகாமுக்கு வந்து சேர்ந்தவர்கள் அதற்கப்புறம் எதனால் சாகிறார்கள், அதை யார் தடுக்க முடியும் என்பதைத்தான் தன்னார்வலர்களாகிய உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

1971ஆம் ஆண்டு. கிழக்குப் பாகிஸ்தானில் போர். ஏறக்குறைய 1 கோடிப் பேர் எல்லையைத் தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். மழைக்காலம் வேறு. முகாம்களில் காலரா பரவியது. நம் பாட்டிமார் வாந்திபேதி என்று சொல்லி நடுங்கிய அதே நோய். காலையில் நடமாடியவரைச் சாயங்காலத்துக்குள் கொண்டுபோய்விடும். உடம்பிலிருக்கும் தண்ணீரும் உப்பும் வெளியே கொட்டிவிடுவதால்தான் ஆள் சாகிறார். இழந்ததை உடனே உள்ளே செலுத்திவிட்டால் பிழைத்துக்கொள்வார்.

எல்லை ஊரான போன்காவ் மருத்துவமனைக்கு அப்போது கல்கத்தாவிலிருந்து போனவர் திலீப் மஹாலனபிஸ். குழந்தை மருத்துவர். அவர் பிறந்த கிஷோர்கஞ்சும் எல்லைக்கு அந்தப் பக்கம்தான். உள்ளே போனால் தரையெல்லாம் நோயாளிகள். அந்த வாந்தியிலும் கழிச்சலிலும் முழங்கால் போட்டு உட்கார்ந்துதான் நரம்பில் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அதை ஏற்றத் தெரிந்தவர்கள் அவருடைய குழுவில் இரண்டே பேர். இப்படியே போனால் தோற்றுவிடுவோம் என்பது இரண்டு நாளில் அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் கையில் ஒரு வழி இருந்தது. 1 லிட்டர் தண்ணீரில் 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. காலரா வந்த குடலிலும் குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகும். உப்புக்குப் பின்னாலேயே தண்ணீரும் போகும். வெறும் தண்ணீருக்கு இந்த வேலை நடக்காது. இது ஆய்வு மருத்துவமனைகளில் தெரிந்த விஷயம்தான். ஆனால் தேர்ந்த மருத்துவர்கள் பக்கத்தில் நின்று அளந்து கொடுக்க வேண்டிய சிகிச்சை என்றுதான் அப்போது நினைத்தார்கள்.

மஹாலனபிஸ் காத்திருக்கவில்லை. கல்கத்தாவில் உப்பையும் குளுக்கோஸையும் நிறுத்து, பாலித்தீன் பைகளில் அடைத்துக் கொண்டுவரச் செய்தார். போன்காவில் டிரம்களில் கரைத்து வைத்தார்கள். நோயாளியின் அம்மாவோ அண்ணனோ வந்து குவளையில் பிடித்துக்கொண்டுபோய்க் குடிக்கக் கொடுத்தார்கள். நினைவு தப்பிக் கிடந்தவர்களுக்கு மட்டும் டிரிப்ஸ்.

முகாம்களில் காலரா வந்தவர்களில் நூற்றுக்கு 30 பேர்வரை செத்துக்கொண்டிருந்த நேரம் அது. இந்தக் கரைசல் கொடுத்த இடத்தில் அது 4 பேருக்கும் கீழே இறங்கியது.

எனக்கு அந்தக் கரைசலைவிடப் பெரிதாகப் படுவது, படிக்காத ஓர் அகதித் தாயை நம்பி மருந்தை அவள் கையில் கொடுத்த அந்தத் துணிச்சல்தான். வல்லுநர்கள் பலர் அதை உடனே ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தில் இருந்த திமான் பருவா நேரில் வந்து பார்த்து, பிறகு உலகமெல்லாம் அதற்காக வாதாடினார். இன்று நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அப்படி வந்ததுதான். மஹாலனபிஸ் 2022இல் காலமானார். அடுத்த ஆண்டுதான் பத்ம விபூஷண் வந்தது. அவர் இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டிய மரியாதை. எனக்கு அந்த வருத்தம் இன்னும் உண்டு.

சரி, கரைசல் இருந்தால் போதுமா? ஹைத்தியைப் பாருங்கள். 2010 ஜனவரி 12இல் நிலநடுக்கம். நூறு ஆண்டுகளாகக் காலராவே காணாத நாடு அது. அக்டோபரில் காலரா வந்தது. மிர்பாலே ஊருக்குப் பக்கத்தில் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஓடையில் கலந்து, ஆர்டிபோனைட் ஆற்றுக்குப் போயிருந்தது. 8 லட்சம் பேருக்கு மேல் நோய். ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். ஐ.நா. பொதுச்செயலர் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆனது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தலைநகரில் வீடிழந்தவர்கள் நெருக்கியடித்துத் தங்கியிருந்த கூடார முகாம்களில்தான் நோய் கொழுந்துவிட்டு எரியும் என்று எல்லோரும் பயந்தார்கள். ஆற்றங்கரைக் கிராமங்கள் பட்ட பாடு அளவுக்கு அவை படவில்லை. முகாம்களுக்குக் குளோரின் கலந்த தண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்தது, கழிப்பறையும் போட்டிருந்தார்கள். கிராமத்து மக்களுக்கு அந்த ஆறுதான் குடிதண்ணீர்.

அதனால் முகாமுக்குள் போனதும் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். துணிமணி பிரித்துக் கொடுப்பதெல்லாம் அப்புறம். பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று யாராவது தடுத்தால், பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பொட்டலம் கிடைத்தால் பொட்டலம். கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. கலந்ததும் வாயில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது.

இந்த மேசைமேல் தண்ணீரும் சர்க்கரையும் உப்பும் வைத்திருக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் முதலில் எழுந்து வாருங்கள். ஒவ்வொருவரும் ஒரு லிட்டர் கலந்து காட்டிவிட்டுத்தான் இன்று வீட்டுக்குப் போகிறோம்.